முதல் குரோஷா ஸ்கர்ட்: சதுரமா, ரெண்டு துண்டா, மேலருந்து சுத்தியா?

ஏப்ரல் பொறந்தா குன்னூர்ல பதினோரு மணி வெயில் சுள்ளுனு உறைக்கும், ரெண்டு அடி நகர்ந்து நிழலுக்கு வந்தா சில்லுனு இருக்கும், நாலு மணிக்கெல்லாம் மேகம் இறங்கிடும். அதனால மேட்டுப்பாளையத்துல போடற சம்மர் ஸ்கர்ட் வேற, இங்க 1,850 மீட்டர் உயரத்துல போடற சம்மர் ஸ்கர்ட் வேற. நெட்ல தேடினா வர்ற பேட்டர்ன்ல முக்கால்வாசி கடற்கரைக்குன்னே போட்டது, வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அத போட்டுட்டு பெட்ஃபோர்டுலேருந்து சிம்ஸ் பார்க் வரைக்கும் நடந்து பாருங்க, காத்து நேரா தொடைல வந்து குத்தும். நான் ரெண்டு வருஷத்துல மூணு விதமா மூணு ஸ்கர்ட் போட்டு முடிச்சிருக்கேன், மூணும் இப்பவும் பீரோல இருக்கு. புதுசா குரோஷா ஊசி (நுனில கொக்கி இருக்கும், அதாலதான் நூல பின்னறது) பிடிக்கறவங்க முதல்ல எத போடணும்னு எனக்கு ஒரு திடமான அபிப்ராயம் இருக்கு, அத சொல்லத்தான் இவ்வளவும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இது தெரியாம ஒரு வாரம் போட்டத மொத்தமா பிரிச்சிருக்கேன். ஒரே ஸ்டிச்சுக்கு பிரிட்டிஷ் பேர் ஒண்ணு, அமெரிக்கப் பேர் ஒண்ணு. அமெரிக்கால சிங்கிள் குரோஷேன்னு சொல்றது பிரிட்டிஷ் முறைல டபுள், அவங்க டபுள் இவங்களுக்கு ட்ரெபிள், அவங்க ஹாஃப் டபுள் இவங்களுக்கு ஹாஃப் ட்ரெபிள். எங்க சித்தி சின்ன வயசுல கான்வென்ட் சிஸ்டர்கிட்ட கத்துக்கிட்டவங்க, அவங்க வாய்ல வர்றது பிரிட்டிஷ் பேர், நான் பார்த்த வீடியோல வர்றது அமெரிக்கப் பேர், ரெண்டையும் கலந்து போட்டா துண்டு எப்படி உருப்படும். ஒரு சுலபமான அடையாளம் இருக்கு: பேட்டர்ன்ல எங்கயாவது சிங்கிள்னு வார்த்தை வந்துட்டா அது அமெரிக்க முறை. இங்க நான் எழுதறது எல்லாம் சித்தி பேர்தான், பிரிட்டிஷ் முறை: டபுள்னா குட்டைக் கண்ணி, ட்ரெபிள்னா உயரக் கண்ணி, ஹாஃப் ட்ரெபிள் ரெண்டுக்கும் நடுவுல.

மூணு வழின்னேனே, முதலாவது கிரானி ஸ்கொயர், சின்னச் சின்ன சதுரமா போட்டு கடைசில சேர்க்கறது. பார்க்க அவ்வளவு அழகு, பஸ்ல உக்காந்துகூட போடலாம், கைப்பைல ஒரு உருண்டையும் ஊசியும் இருந்தா போதும், ஒரு சதுரம் தப்பானா அந்த ஒண்ண மட்டும் பிரிச்சா முடிஞ்சது. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. பக்கத்துக்கு 10 செ.மீ. சதுரம்னு வச்சா, 100 செ.மீ. சுத்தளவுக்கு ஒரு வரிசைக்கு 10, முட்டி தாண்டணும்னா ஆறு வரிசை, ஆக 60 சதுரம். ஒவ்வொண்ணுலயும் மூணு கலர் போட்டா ஒரு கலருக்கு ரெண்டு நூல் நுனி, மொத்தம் 360 நுனி! அத்தனையும் தையல் ஊசில கோர்த்து உள்ள ஒளிச்சு வைக்கணும், அவசரப்பட்டு வெட்டினா ரெண்டு துவையல்ல வெளிய எட்டிப் பார்க்கும். சதுரம் போட்டு முடிக்க ஒரு மாசம், நுனி மறைச்சு ஒட்ட இன்னொரு மாசம், எனக்கு அப்படித்தான் ஆச்சு. முதல் ஸ்கர்ட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். குஷன் கவர் போடுங்க, சதுரத்து மேல இருக்கற ஆசையும் தீரும், கையும் பழகும்.

ரெண்டாவது வழி, முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு செவ்வகம் போட்டு சைடுல தைக்கறது. எல்லாரும் ஆரம்பக்காரங்களுக்கு இதத்தான் சொல்றாங்க, நேரா போயிட்டு திரும்பி வரதுதானே, என்ன கஷ்டம்னு. என் முதல் ஸ்கர்ட் இதுதான், ட்ரெபிள் ஸ்டிச்ல. பத்து வரி ஏறினதும் சித்திகிட்ட காட்டினேன்.

"என்னடி இது, ஏற ஏற ஒடுங்குது?"

"எண்ணித்தான் சித்தி போட்டேன்."

"எங்க எண்ணின, இங்க பாரு," னு துண்டோட ஓரத்த விரல் நகத்தால மெல்ல விரிச்சாங்க. அங்க வரி முடிஞ்சு திரும்பும்போது போட்ட மூணு செயின், அதாவது சங்கிலிக் கண்ணி, இறுகி, ஒரு கயிறு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த செயினும் ஒரு கண்ணி, அடுத்த வரிசை முடியும்போது அதோட தலைல ஒண்ணு போட்டே ஆகணும், நான் அத ஓரம்னு நினைச்சு ஒவ்வொரு வரியிலயும் விட்டுட்டு திரும்பியிருக்கேன். 80ல ஆரம்பிச்சது 71ல நிக்குது. இது என் கதை மட்டும் இல்ல, புதுசா போடற யார் துண்ட எடுத்தாலும் ஓரம் இப்படித்தான் கோணும். தோடர் அம்மாக்கள் புகூர் எம்ப்ராய்டரி போடறத பார்த்திருக்கீங்களா, 2013ல புவிசார் குறியீடு வாங்கினதே, அந்த சிவப்பும் கருப்பும், துணில கோடு கிழிக்காம இழைய எண்ணி எண்ணியே அவ்வளவு கச்சிதமா வரும். எண்ணிக்கைதான் எல்லாமேங்கறது எனக்கு அத பார்த்தப்பதான் உறைச்சது.

ரெண்டு துண்டுல இன்னொரு குறை, இது நம்ம மலைக்குன்னே உள்ளது. செவ்வகம் ரெண்ட தைச்சா கிடைக்கறது நேரான குழாய், இடுப்புல 100 செ.மீ.னா கீழயும் 100 செ.மீ.தான். சமவெளில அது போதும். இங்க வீட்டுலேருந்து ரோட்டுக்கு வரதுக்கே எத்தன படி ஏறி இறங்கறோம், ஒவ்வொரு படிக்கும் துணி முட்டியப் பிடிச்சு இழுக்கும். சைடுல தைக்காம கொஞ்சம் திறந்து விடலாம், ஆனா மறுபடி காத்து. கிரானி ஸ்கொயர்லயும் இதே கதைதான்.

அதனால என் ஓட்டு மூணாவதுக்கு: இடுப்புலேருந்து ஆரம்பிச்சு வட்டமா சுத்திச் சுத்தி கீழ இறங்கறது. வட்டம்னா பயப்படறாங்க, ஆனா இதுல திரும்பறதே கிடையாது, ஓரமே கிடையாது, விட்டுப் போறதுக்கு கடைசிக் கண்ணின்னு ஒண்ணு இல்ல! தையல் இல்ல. பாதில போட்டுப் பார்க்கலாம், இதுதான் பெரிய வசதி, ஊசில இருக்கற கண்ணிய ஒரு ஊக்குல மாட்டிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துட்டு வந்து தொடரலாம். நூல் தீர்ந்துடும்போல இருந்தா அந்த இடத்துலயே முடிச்சுடலாம், கீழருந்து மேல போட்டா அது முடியாது, இடுப்பு வந்தே ஆகணும்.

கணக்கு சொல்றேன். முதல்ல ஒரு கை அகலத் துண்டு போட்டு அளவு பாருங்க, இத தயவுசெஞ்சு தாண்டாதீங்க. 4 எம்எம் ஊசில ஹாஃப் ட்ரெபிள் போட்டா எனக்கு 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 11 வரி வருது, உங்க கை இறுக்கத்துக்கு வேற வரும். என் ஹிப், அதாவது இடுப்புக்குக் கீழ அகலமான இடம், 96, தளர்வா 4 சேர்த்தா 100 செ.மீ., ஆக 160 செயின். இடுப்பு அளவுக்கு செயின் போடாதீங்க, காட்டன் செயின் நீளாது, ஸ்கர்ட் ஹிப்ப தாண்டி ஏறாது. ஹிப் அளவுக்கே போட்டு மேல எலாஸ்டிக்ல சுருக்கிக்கறதுதான் சுலபம். 160 செயினும் முறுக்கிக்காம இருக்கான்னு மேஜை மேல பரப்பிப் பார்த்துட்டு ரெண்டு நுனியையும் வளையமா சேருங்க, முறுக்கிக்கிட்டா மொத்தமும் பிரிக்கணும், வேற வழியே கிடையாது.

அப்புறம் சுத்த வேண்டியதுதான். ஆரம்பக் கண்ணில ஒரு ஊக்கு மாட்டிடுங்க, அதுதான் ரவுண்டு மார்க்கர், கடைல தனியா வாங்க வேண்டியதில்ல. ஆறு ரவுண்டுக்கு ஒரு தடவ 8 கண்ணி கூட்டணும், அதாவது முதல் தடவ 20 கண்ணிக்கு ஒரு இடத்துல ஒரே ஓட்டைல ரெண்டு, அடுத்த தடவ 21 கண்ணிக்கு ஒண்ணு, அப்படியே தடவைக்கு ஒண்ணு ஏறும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல கூட்டினா ஸ்கர்ட்ல எட்டு மூலை தெரியும், அதனால ஒரு தடவ முதல் கண்ணிலேருந்து எண்ணினா அடுத்த தடவ பத்தாவதுலேருந்து எண்ணுங்க. 60 செ.மீ. நீளத்துக்கு 66 ரவுண்டு, பத்து தடவ கூட்டினா கடைசில 240 கண்ணி, கீழ் சுத்தளவு 150 செ.மீ. படி ஏற தாராளம். குறைன்னு சொல்லணும்னா, முடியற இடத்துல ஒரு சின்ன படி தெரியும், கடைசில ரெண்டு டபுள், அதவிட குட்டையா ரெண்டு ஸ்லிப் ஸ்டிச்னு உயரத்த குறைச்சு முடிச்சா சரியாயிடும். பாதி தாண்டினதும் மடில கனமா இருக்கும், பஸ்ல எடுத்துட்டுப் போக முடியாது. எனக்கு அது ஒரு குறையா தெரியல, ஏன்னா அந்த டைம்ல நல்ல குளிர், கம்பளி மாதிரி மடில கிடந்துச்சு.

ஸ்டிச்சும் ஒரு வார்த்தை. டபுள் போட்டா துணி விறைப்பா நிக்கும், ட்ரெபிள் போட்டா சீக்கிரம் வளரும் ஆனா இடைவெளி தெரியும், உள்பாவாடை வேணும். ஹாஃப் ட்ரெபிள் நடுவுல, காத்தும் தடுக்கும், ஆடவும் ஆடும்.

இப்ப நூல், இங்கதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடறாங்க. கடைல போய் உல்லன்னு கேட்டா குடுக்கறது ஆட்டு ரோமம் இல்ல, அக்ரிலிக். உண்மையான ரோமத்துக்கு நம்ம மாவட்டத்துலயே நீலகிரி ஆடுன்னு தனி இனம் இருக்கு, சாண்டிநல்லால ஆராய்ச்சிப் பண்ணையே இருக்கு, அது வேற விஷயம். அக்ரிலிக் லேசு, விலை கம்மி, எந்த கலரும் கிடைக்கும், துவைச்சா சட்டுனு காயும். ஆனா வெயில்ல வேர்வை உறிஞ்சாது, பிசுபிசுன்னு ஒட்டும், தெரியாம சூடான அயர்ன் பாக்ஸ வச்சா அப்படியே துவண்டு போயிடும், திரும்ப எழும்பாது.

சுத்த காட்டன் உடம்புக்கு சுகம், அதுல சந்தேகமே இல்ல. மெர்சரைஸ்டுன்னு பளபளப்பா வர்றது ஊசில பிரியாது, 1844ல ஜான் மெர்சர் கண்டுபிடிச்ச காஸ்டிக் சோடா முறை, பிற்பாடு நூல இழுத்துப் பிடிச்சு செஞ்சப்பதான் அந்த பளபளப்பு வந்துச்சு. சாதா காட்டன் மெத்துனு இருக்கும் ஆனா இழை பிரிஞ்சு ஊசி நடுவுல நுழையும். ரெண்டுலயும் ஒரே பிரச்சனை, கனம். என் ரெண்டு துண்டு ஸ்கர்ட் சுத்த காட்டன், போட்டு முடிச்சப்ப 58 செ.மீ., துவைச்சு ஈரத்தோட கொடில தொங்க விட்டேன், காஞ்சு எடுத்தா 66! காட்டனுக்கு மீள்ற குணம் இல்ல, ஈரத்தோட எடை இழுத்த இழுப்புக்கு போயிடும். டவல் மேல பரப்பித்தான் காய வைக்கணும். அக்டோபர், நவம்பர்ல நமக்கு வடகிழக்கு மழை பிடிச்சா பரப்பி வச்ச காட்டன் மூணு நாள் ஆனாலும் ஈரம் விடாது, வாடை வந்துடும்.

அதனால இந்த ஊருக்கு, அதுவும் முதல் ஸ்கர்ட்டுக்கு, காட்டனும் அக்ரிலிக்கும் பாதிப் பாதி கலந்த நூல்தான் என் கணக்குல சரி. கோயமுத்தூர்ல இருக்கறவங்க கேட்டா சுத்த காட்டன்னு சொல்வேன், குன்னூர், கோத்தகிரின்னா கலப்பு. மில்க் காட்டன்னு வர்றத பேர பார்த்து வாங்காதீங்க, லேபிள்ல எவ்வளவு பருத்தின்னு படிங்க, நான் வாங்கினதுல அக்ரிலிக்தான் அதிகம். திருப்பூர் பனியன் துணி நூல் கூடைக்கும் பைக்கும் அருமை, ஸ்கர்ட்டுக்கு போட்டா இடுப்பு தாங்காது. கோன்ல வர்ற மில் நூல் விலை மலிவு, ஆனா கவுண்ட் நம்பர் ஏற ஏற நூல் மெலிசு, பல இழை சேர்த்துப் பிடிச்சுத்தான் போடணும், முதல் தடவைக்கு வேண்டாம்.

மேல சொன்ன அளவுக்கு எனக்கு 400 கிராம் ஆச்சு, 50 கிராம் உருண்டை ஒன்பது வாங்கினா ஒண்ணு மிச்சம். ஒரே தடவைல வாங்குங்க, லேபிள்ல லாட் நம்பர் (ஒரே தடவைல சாயம் ஏத்தின நூலுக்கு ஒரே நம்பர்) ஒண்ணா இருக்கான்னு பாருங்க. கிரானி ஸ்கர்ட்டுக்கு ரெண்டு உருண்டை குறைஞ்சு அதே கடைல அதே நம்பர் கலர்னு வாங்கி வந்தேன், வீட்டு வெளிச்சத்துல பார்த்தா ஒரு ஷேடு மங்கல், இப்பவும் கீழ் வரிசைல தெரியும். கருப்பு, நேவி ப்ளூ முதல்ல எடுக்காதீங்க, சாயங்காலம் மேகம் இறங்கின வெளிச்சத்துல கண்ணி கண்ணுக்கே தெரியாது. வெளிர் கலர்ல போட்டு கடைசி நாலு ரவுண்டு மட்டும் பழுப்போ மெரூனோ போடுங்க, மழைல செம்மண் தெறிச்சாலும் அசிங்கமா இருக்காது.

இடுப்புக்கு நாடாவா எலாஸ்டிக்கான்னா, எலாஸ்டிக். நாடா பார்க்க அழகு, ஆனா 400 கிராம் துணி நடக்க நடக்க கீழ இழுக்கும், நாடா சதைல பதியும். முதல் அஞ்சு ரவுண்ட கூட்டாம நேரா போட்டு, உள்பக்கம் மடிச்சு, 2.5 செ.மீ. எலாஸ்டிக்க வளையமா தைச்சு உள்ள வச்சு, அதே நூலால சுத்தித் தைச்சுடுங்க. இடுப்பு அளவுல 3 செ.மீ. குறைச்சு எலாஸ்டிக் வெட்டினா பிடிமானம் சரியா இருக்கும்.

இன்னும் ஒண்ணு, டீத்தோட்டத்து வழியா நடக்கறவங்களுக்கு. உன்னிச்செடி முள்ளோ டீக்குச்சியோ மாட்டி ஒரு கண்ணி வெளிய நீண்டு வந்துடும், கண்டிப்பா நடக்கும். கத்திரிய எடுக்காதீங்க, ஒரு கண்ணிய வெட்டினா அந்த இடமே விட்டுடும். ரெண்டு பக்கமும் இருக்கற கண்ணிய விரலால மெல்ல மெல்ல இழுத்து விட்டா பாதி உள்ள போயிடும், மிச்சத்த ஊசியால பின்பக்கம் இழுத்து விட்டுடுங்க, வெளிய தெரியாது.