எழுவான்கரையா, படுவான்கரையா: இரவு வானம் பார்க்க எந்தக் கரை?

மட்டக்களப்பில் வானம் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டு கரைகள் இருக்கின்றன. வாவிக்குக் கிழக்கே, கடலோடு ஒட்டிய ஒடுங்கிய நிலத்தில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கல்முனைக்கும் அப்பால் ஊர் விடாமல் தொடரும் எழுவான்கரை ஒன்று. வாவிக்கு மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என வயலும் குளமும் காடுமாக விரியும் படுவான்கரை மற்றொன்று. இருட்டு அதிகமான இடத்துக்குப் போங்கள் என்றுதான் எல்லோரும் ஆலோசனை சொல்கிறார்கள். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் படுவான்கரையை மிஞ்ச எழுவான்கரையால் முடியாது. ஆனால், எந்தத் திசையை இரவின் எந்தப் பொழுதில் பார்க்கப்போகிறோம் என்ற கேள்வியை அதற்கு முன்னே வைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. முன்னிரவுக்குப் படுவான்கரை, பின்னிரவுக்கு எழுவான்கரை என்பதே என் தீர்ப்பு.

முதலில் நம் ஊரின் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே 8 பாகை அளவிலேயே நிற்பதால் அதைப் பெரும்பாலோர் இங்கே பார்த்ததே இல்லை. அதற்குப் பதிலாக, வட நாடுகளில் இருப்பவர்கள் வாழ்நாளில் காணாத தென்வானம் நமக்குத் திறந்திருக்கிறது. அகத்திய நட்சத்திரம் தெற்கே 30 பாகை அளவுக்கும், தென்சிலுவை 22 பாகை அளவுக்கும் எழும்புகின்றன. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட ஒமேகா சென்டாரி என்னும் கொத்து 35 பாகையில் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கலான புள்ளியாகத் தெரியும். ஆனால் இவை எல்லாம் தாழ்வாகவே நிற்பவை. உச்சி வானத்தைப் பார்க்கும்போது நம் பார்வை கடக்கும் காற்றின் தடிப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 30 பாகை உயரத்தில் அது இரண்டு மடங்காகவும், 20 பாகையில் ஏறத்தாழ மூன்று மடங்காகவும், 10 பாகையில் ஐந்தரை மடங்குக்குச் சற்று மேலாகவும் ஆகிவிடுகிறது. தலைக்கு மேலே உள்ள வானத்தை ஓரளவு வெளிச்சமுள்ள இடத்திலிருந்தும் பார்த்துவிடலாம். தெற்கே தாழ்ந்து நிற்பதைப் பார்க்கத் தெற்கு அடிவானம் இருட்டாகவே இருந்தாக வேண்டும்.

எழுவான்கரையின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. நம் கரையோரம் நேர் வடக்குத் தெற்காக ஓடாமல் தென்கிழக்காகச் சாய்ந்து போவதால், கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே திரும்பினால் காத்தான்குடி தொடங்கிக் கல்முனை வரையுள்ள கடைவீதிகளின் வெளிச்சம் அந்த மூலையை வெளிறச் செய்துவிடுகிறது. வெள்ளை எல்.ஈ.டி. வீதி விளக்குகளில் நீல ஒளி கூடுதலாகக் கலந்திருப்பதும், நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுவதும் இந்த வெளிறலை மேலும் கூட்டுகின்றன. மே மாத நடுப்பகுதியில் இரவு 9 மணியளவில் தென்சிலுவை தன் உச்சத்தில் நிமிர்ந்து நிற்கும். கடற்கரையில் அதன் நான்கு நட்சத்திரங்களையும் அடையாளம் காண முடியும் என்றாலும், அதைச் சூழ்ந்து ஓடும் பால்வீதியைக் காண முடியாது.

அதே வேளையில் கிழக்கே திரும்பிப் பாருங்கள். வங்காள விரிகுடாவின் மேல் விளக்குக் கம்பமோ மரமோ மலையோ கிடையாது. மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் மட்டும் சில நாட்களில் கண்ணில் படும். கிழக்கில் உதிக்கும் எதையும் தண்ணீர் மட்டத்திலிருந்தே பார்க்கலாம் என்ற வசதிக்குப் படுவான்கரையில் ஈடே இல்லை. பூரணை நிலவு கடலிலிருந்து எழுவதை இதற்கு முதல் உதாரணமாகச் சொல்வேன். இலங்கையில் ஒவ்வொரு போயா (பூரணை) தினமும் விடுமுறையாக இருப்பதால் அன்றைக்குத்தான் குடும்பத்தோடு வெளியே போக நேரம் கிடைக்கிறது. ஆனால் மாதத்தில் நட்சத்திரங்கள் மிகக் குறைவாகத் தெரியும் இரவும் அதுவே. ஆகவே போயா அன்று படுவான்கரைக்கு அலையாமல், சூரியன் மறையும் நேரத்தில் கடற்கரைக்குப் போய் நிலவுதயத்தைப் பார்ப்பதே பொருத்தமானது. 2026 மார்ச் 3ஆம் திகதிக்குரிய சந்திர கிரகணத்தைப் போல, கிரகணம் பிடித்த நிலையிலேயே நிலவு உதிக்கும் நாட்களில் தடையற்ற இந்தக் கிழக்கு அடிவானத்தின் அருமை நன்றாகப் புரியும்.

பின்னிரவில் எழுவான்கரையின் பலம் இன்னும் கூடுகிறது. நள்ளிரவுக்குப் பின் கடைகள் அடங்கி வெளிச்சமும் குறைந்துவிடும். ஹேலி வால்வெள்ளி விட்டுச் சென்ற தூசியால் ஆண்டுதோறும் மே 5, 6ஆம் திகதிகளை ஒட்டி உச்சமடையும் ஈட்டா அக்குவாரிட் எரிநட்சத்திரப் பொழிவு, நம்மைப் போலத் தாழ்ந்த அட்சக்கோட்டில் வாழ்கிறவர்களுக்கே நன்றாக அமைகிறது. அது புறப்படும் கும்ப ராசி அதிகாலை 2 மணி வாக்கில் கடலுக்கு மேலே வந்து, 4 மணிக்கு நல்ல உயரத்தை அடைந்துவிடும். கிழக்கு மாகாணத்தில் அது மழையற்ற காலமும்கூட. மிகவும் பேசப்படும் ஜெமினிட் பொழிவோ டிசம்பர் 14ஆம் திகதியை ஒட்டி, வடகீழ்ப் பருவ மழையின் நடுவே வருவதால், எந்தக் கரையில் நின்றாலும் பெரும்பாலும் முகில்தான் மிஞ்சும். ஓகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சியிட் பொழிவு வடகிழக்கிலிருந்து வருகிறது. அதற்கும் கடற்கரையே போதுமானது. கடற்கரையின் தொல்லை உப்புக் காற்று. பைனாகுலரின் வில்லைகளில் படியும் உப்பை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும் என்பதால், பார்க்காத நேரத்தில் அதை மூடியே வைத்திருக்க வேண்டும்.

இனிப் படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு, ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போக முன்பு போலத் துறையில் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. பாலத்தைக் கடந்து வயல் வெளிக்குள் சிறிது தூரம் போனாலே வானம் வேறாகிவிடும். நகரத்தின் வெளிச்சம் முழுவதும் முதுகுப் பக்கம், கிழக்கிலும் வடகிழக்கிலும் தங்கிவிட, மேற்கும் தென்மேற்கும் கறுத்துக் கிடக்கும். உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போனால் தெற்கும் இருட்டாகவே இருக்கும். நவகிரிக் குளத்துப் பக்கமென்றால் தெற்கே இருக்கும் அம்பாறை நகரத்தின் வெளிச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கரையின் சிறந்த இரவு எது என்று கேட்டால், ஆடி அமாவாசை என்று தயங்காமல் சொல்வேன். பகலில் மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்கு ஊரே திரளும் அந்த நாளின் இரவில், நிலவின் ஒளி சிறிதும் இல்லாத வானத்தில், 9 மணி வாக்கில் விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் இடையே பால்வீதியின் மையப் பகுதி தெற்கே 53 பாகை உயரத்தில் நிற்கும். சூரியன் மறைந்த பின் வானம் முழுதாக இருள்வதற்கு இங்கே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே ஆகும். ஆதலால் 8 மணிக்கே பார்க்கத் தொடங்கலாம். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் காலமாகையால் வானமும் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். விருச்சிகத்தின் வால் பகுதியில் பைனாகுலரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், ஒன்று முடியுமுன் இன்னொன்றாக விண்மீன் கொத்துகள் வந்துகொண்டே இருப்பதைக் காணலாம். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டே இதைப் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு என்பதை எத்தனை தடவையும் சொல்வேன்.

மேற்கைப் பார்க்க வேண்டிய காரியங்களும் உள்ளன. பெருநாள் தலைப்பிறையைத் தேடுகிறவர்களுக்குக் கடல் உதவாது. காத்தான்குடியில் இருப்பவர்கள் வாவிக்கரைக்குப் போனாலே மேற்கு வெளி கிடைத்துவிடும், படுவான்கரை வரை போக வேண்டியதில்லை. 2024இல் வந்த சுசின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி செப்டெம்பர் இறுதியில் விடிகாலைக் கிழக்கிலும், ஒக்டோபர் நடுவில் மாலை மேற்கிலும் தோன்றியது. அப்படிப்பட்ட விருந்தாளி வரும்போது இரண்டு கரைகளும் தேவைப்படும்.

படுவான்கரையின் பெருந்தடை யானை. அறுவடைக் காலத்தில் மட்டுமல்லாமல் மற்ற மாதங்களிலும் குளங்களை அண்டி யானைகள் நடமாடுகின்றன. அங்குள்ள விவசாயிகள் யானை வெடியோடு இரவு முழுவதும் காவல் இருப்பது உயிர்ப் பயத்தால்தான். எனவே உன்னிச்சைக் குளக்கட்டில் எவ்வளவு இருட்டு இருந்தாலும், அந்த ஊரவர் துணையின்றி இரவில் அங்கே நிற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குடியிருப்பை ஒட்டிய வயலோரமோ, ஆள் நடமாட்டமுள்ள கோயில் வீதியின் விளக்கு எட்டாத மூலையோ போதும். இருட்டு சற்றுக் குறைந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மாசி மாதச் சிவராத்திரி இதற்கு மிக வாய்ப்பானது. அமாவாசைக்கு முந்திய இரவாகையால் விடியும் தறுவாய் வரை நிலவு வராது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கு வந்தவர்கள் எப்படியும் கண் விழித்திருப்பார்கள். முன்னிரவில் அகத்தியரும், நள்ளிரவு தாண்டித் தென்சிலுவையும், விடியுமுன் விருச்சிகமும் தெற்கே வரிசையாகக் கடந்து போகும்.

போக்குவரத்தில் சொல்ல அதிகமில்லை. எழுவான்கரைக்கு எந்த நேரமும் ஓட்டோ கிடைக்கும். படுவான்கரையில் இரவு பஸ்ஸை நம்ப முடியாது, சொந்த வாகனம் வேண்டும், வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்காக மெதுவாகவே ஓட்ட வேண்டும். நுளம்பு வாவியின் இரு புறத்திலும் உண்டு.

இந்த ஒப்பீட்டில் அடங்காத ஓர் இடம் அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. பொத்துவிலும் பாணமையும் தாண்டி, குமண வனத்தின் வாசலில் உள்ள உகந்தை முருகன் ஆலயக் கரை கடற்கரையாகவே இருந்தும், தென்கிழக்கு நோக்கிக் கடலும் தெற்கே காடுமாக இருப்பதால், எழுவான்கரையின் திறந்த அடிவானமும் படுவான்கரையின் இருட்டும் அங்கே சேர்ந்தே கிடைக்கின்றன. கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் அங்கே தங்கும் இரவுகளில் அந்த வானத்தைப் பார்த்திருப்பார்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் அமாவாசை வாய்க்குமானால், ஆலயச் சூழலை விட்டு விலகாமல், இரவு 8 மணியளவில் தெற்கே 13, 14 பாகை உயரத்தில் பெரிய மகெல்லன் மேகத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கல்லடியில் ஊர் வெளிச்சத்தில் கரைந்துபோகும் அந்த வெண்திட்டு, நம் பால்வீதிக்கு வெளியே, ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள தனியொரு விண்மீன் மண்டலம்.