கரண்டு போகாததால் வந்த வினை: கே3எஸ்-ஓடு ஐந்து வருஷம்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறை. செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே பலகை அடித்து மூன்று மினி பிசி, ஒரு சுவிட்ச், கீழே இன்வெர்ட்டர். எங்கள் ‘டேட்டா சென்டர்’ இவ்வளவுதான். தோவாளைப் பூச்சந்தையிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள கமிஷன் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் 2021 தொடக்கத்திலிருந்து இதில்தான் ஓடுகிறது.

மென்பொருளை அதற்கு வேண்டியதோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம்தான் கன்டெய்னர். எந்த கன்டெய்னரை எந்த மெஷினில் ஓடவிடுவது, ஒன்று செத்தால் வேறெங்கே எழுப்புவது என்று பார்த்துக்கொள்வது குபர்நெட்டீஸின் வேலை. 2014-ல் கூகுள் வெளியிட்டது. அதையே சின்ன மெஷின்களுக்காகச் சுருக்கி, 100 எம்பிக்கும் குறைவான ஒற்றைக் கோப்பாக ராஞ்சர் லேப்ஸ் 2019-ல் கொண்டுவந்ததுதான் கே3எஸ். கிளவுடில் மாசாமாசம் வந்த பில்லைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தோம். வேறு பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது.

ஆரம்பத்தில் மெஷின் இரண்டுதான். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று நினைத்தேன். சேர்ந்து இயங்கும் இந்த மெஷின் கூட்டம்தான் கிளஸ்டர். அதன் குறிப்பேடான எட்சிடிக்கு எப்போதும் மெஷின்களில் பெரும்பான்மை உயிரோடு வேண்டும். இரண்டில் பெரும்பான்மை என்றால் இரண்டுதான். ஒரு மெஷினின் அடாப்டர் கருகிய அன்றைக்கு, நன்றாக இருந்த மற்றதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரே மெஷினாக இருந்திருந்தால் கெட்டுப்போக ஒரு அடாப்டர்தான் இருந்திருக்கும்; நான் காசு கொடுத்து இரண்டாக்கியிருந்தேன். மறுவாரமே மூன்றாவது வாங்கினோம். அதன் பிறகு ஒரு மெஷின் போனால் கடைக்காரர்களுக்குத் தெரிவதே இல்லை.

இனி 2023 ஓணம். பூ வியாபாரம் தெரியாதவர்களுக்கு: அத்தப்பூக்கோலம் போடுகிற பத்து நாளும் கேரள வியாபாரிகள் தோவாளைக்கு வந்து கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக அள்ளுவார்கள். வெள்ளென மூன்றரைக்கு போன்.

“மக்கா, கேந்தி மூட்டைக்குக் கழிவு போவமாட்டேங்குது. லாரி நிக்குதுல்லா.”

“அரை மணிக்கூறு தாருங்க அண்ணாச்சி, சரியாக்கிடுதேன்.”

மூட்டைக்குக் கழிக்கிற கணக்கில் பிழை, அது என் கோடில்தான். ஒரு வரித் திருத்தம். திருத்திவிட்டு புதுப் பதிப்பை ஏற்றப் போனால், சான்றிதழ் காலாவதி என்று கிளஸ்டர் கதவைச் சாத்திவிட்டது. கடையில் பில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு மட்டும் எதையும் தொட அனுமதி இல்லை. சாவி இல்லாமல் சொந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றேன். கழிவைக் கையால் போட்டு எழுதச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

விஷயம் இதுதான். கே3எஸ்ஸின் பாகங்கள் தங்களுக்குள் பேசும்போது காட்டிக்கொள்ளும் அடையாளச் சீட்டுதான் சான்றிதழ். அதற்கு ஆயுள் 365 நாள். அப்போது கடைசி 90 நாளுக்குள் (2025 மே முதல் 120 நாள்) எப்போது கே3எஸ் மறுபடி தொடங்கினாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருதரம் கரண்டு போகும். பழைய பேட்டரி தாங்காது. மூன்றும் அணைந்து எழும்பும். அதை நான் தொல்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தொடக்கத்தில் நல்ல பேட்டரி வாங்கி வைத்தேன். அதோடு ரீஸ்டார்ட் நின்றது, புதுப்பித்தலும் நின்றது. இத்தனை நாள் கிளஸ்டரைக் காப்பாற்றி வந்தது மின்வெட்டுதான்!

மூன்றிலும் கே3எஸ்ஸை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்ததும் வழிக்கு வந்துவிட்டது. கிளஸ்டருக்குள் நுழைய என் லேப்டாப்பில் வைத்திருந்த பழைய கான்ஃபிக் கோப்பையும் மாற்றவேண்டியிருந்தது. பதற்றத்தில் அது புரியவே பத்து நிமிஷம் போய்விட்டது.

சோம்பேறித்தனமும் இதில் உண்டு. ஒழுங்காகப் பதிப்பு ஏற்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குபர்நெட்டீஸில் வருஷத்துக்கு மூன்று பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாசம்தான். நடுவில் ஒன்றைக்கூடத் தாவிப் போகக் கூடாது, படிப்படியாக ஏறவேண்டும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உரிய சேவைக்கு அனுப்புவது இன்கிரஸ்; 1.22-ல் அதன் பழைய எழுத்துமுறையை எடுத்துவிட்டார்கள். அமைப்பு விவரம் எழுதிவைத்த எங்கள் யாமல் கோப்புகள் அத்தனையையும் உட்கார்ந்து திருத்தினேன். கன்டெய்னரைக் கட்டி ஓட்டும் கருவியான டாக்கருக்கு இருந்த இணைப்பை 1.24-ல் நீக்கியபோது, ‘டாக்கர் செத்துப்போச்சாமே’ என்று கூடப்படித்தவன் போன் போட்டான். கே3எஸ் முதலிலிருந்தே கன்டெய்னர்டி என்ற வேறொரு ஓட்டியின் மேல் ஓடுவதால் எங்களுக்கு ஒரு மயிரிழையும் அசையவில்லை. டாக்கரில் கட்டிய இமேஜ்கள் (கன்டெய்னருக்கான அச்சுகள்) இன்றைக்கும் ஓடுகின்றன. 2025 நவம்பரில், இன்கிரஸ் வேலையைச் செய்யும் மென்பொருளான இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்து, 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு என்றார்கள். அதிலும் தப்பித்தோம், கே3எஸ்ஸோடு அதே வேலைக்கு வருவது டிராஃபிக் (Traefik) என்ற வேறு மென்பொருள். இது என் சாமர்த்தியம் இல்லை, கூடவே வந்ததைக் கழற்றாமல் விட்ட சோம்பல்தான்.

மனசார மெச்சுகிற மாற்றம் ஒன்று உண்டு. பில்லை பிடிஎஃப் ஆக்கும் சேவை ஓணத்தில் மெமரி போதாமல் அடிக்கடி கொல்லப்படும். அளவைக் கூட்டவேண்டும் என்றால் அதன் ‘பாட்’டை (pod, கன்டெய்னர் ஓடும் கூடு) கொன்றுவிட்டுப் புதிதாக எழுப்பவேண்டியிருந்தது. வரிசையில் நிற்கும் பில் போகும். ஓடுகிற ‘பாட்’டிலேயே அளவை மாற்றும் வசதி 1.33-ல் பீட்டாவாகத் தானே இயங்கும்படி வந்தது, 1.35-ல் நிலைத்துவிட்டது. கடந்த ஓணத்தில் அதிகாலை நாலு மணிக்கு அளவைக் கூட்டிவிட்டு நிம்மதியாகக் கட்டன்சாயா குடித்தேன்.

டேட்டாபேஸை மட்டும் கிளஸ்டருக்குள் வைக்கவில்லை. அது இந்த மூன்றில் சேராத தனி மெஷின், இரவுதோறும் நகல். எட்சிடியை கே3எஸ் 12 மணி நேரத்துக்கு ஒருதரம் படம்பிடித்து, கடைசி ஐந்தை வைத்துக்கொள்ளும். ஆனால் அதே டிஸ்க்கில்தான் வைக்கும். வெளியே எடுத்து வைப்பது உங்கள் பாடு.

இதை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே மெஷின், இரண்டு மூன்று கன்டெய்னர் என்றால், அவற்றைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் தாராளம். ஒன்றுமே ஓடாதபோதும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ஜிபிக்கு மேல் மெமரியை கே3எஸ்ஸே தின்கிறது. காற்றில் தென்னைமட்டை விழுந்து ஃபைபர் அறுந்தால் மூன்று மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதற்குக் கடை போனிலேயே பில்லைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும்படி தனியாக எழுதவேண்டி வந்தது.

இப்போது ஆபீஸ் காலண்டரில் ஆடி முதல் வாரத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். முகூர்த்தம் கிடையாது, சந்தை மந்தம், சாரல் மழை. அன்றைக்குப் பதிப்பு ஏற்றம். ஏறி முடிந்ததும் மூன்று மெஷினையும் வேண்டுமென்றே ஒருதரம் அணைத்துப் போடுவோம். அந்த வேலை ஆபீஸில் கடைசியாகச் சேர்ந்த பையனுக்கு. இன்வெர்ட்டர் சுவிட்சைத் தட்டப் போகும்போதெல்லாம், “அண்ணே, நெசமாட்டே அணைக்கட்டா?” என்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் தட்டுவான்.