பழைய வின்டோஸ் 7 கணினியும் தொடக்கப் பிழைச் செய்திகளும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு வேலைகளைச் செய்துவரும் நான், வின்டோஸ் 7 இயங்கும் மேசைக் கணினியொன்றை இன்றும் கைவிடாமல் வைத்திருக்கிறேன். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் சேர்ந்துபோன கோப்புகளும் அவற்றைத் திறக்கும் பழைய மென்பொருள்களும் அதில்தான் இருக்கின்றன. பொதுப் பயனர்களுக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டதால், அதனை இணையத்துடன் இணைப்பதில்லை.

இத்தகைய கணினியில் பிழைச் செய்தி வந்தால், வின்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள் என்பதே பலரும் சொல்லும் தீர்வு. பெரும்பாலான வேளைகளில் அது தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. செய்தி வின்டோஸ் சின்னத்துக்கு முன் வருகிறதா, மேசைத்திரை வந்தபின் வருகிறதா என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சின்னத்துக்கு முன்பே, கறுப்புத் திரையில் 'சிமோஸ் செக்சம்' பிழை (கணினி சேமித்துவைத்த அடிப்படை அமைப்புகள் குழம்பியிருப்பதன் அறிகுறி) என்று காட்டி எப்1 விசையை அழுத்தச் சொன்னால், முதலில் தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ பற்றரியையே சந்தேகிக்க வேண்டும். சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை, கணினி அணைந்திருந்தாலும் அதன் கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். ஆளியை நிறுத்தினாலோ மின்வெட்டு வந்தாலோதான் பற்றரி அந்தச் சுமையை ஏற்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், அதுவரை தாக்குப்பிடித்திருந்த என் கணினியின் பற்றரியும் ஓய்ந்து, திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. சீஆர்2032 எனப்படும் அந்த 3 வோல்ட் பற்றரி பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதைக் கழற்றுமுன் பயோஸ் (வின்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பற்றரி மாற்றியபின் வன்தட்டின் இயங்குமுறை ஐடிஇ, ஏஎச்சிஐ ஆகிய இரண்டுக்கிடையே மாறிவிட்டால், நலமாக இருந்த வின்டோஸ் நீலத்திரையுடன் நின்றுவிடும். பழைய முறையைத் திரும்பத் தேர்ந்தாலே போதும்.

மேசைத்திரை வந்தபின் 'ரன்டிஎல்எல்' என்ற தலைப்புடன் தோன்றும் சிறு பெட்டி வேறு வகையானது. அகற்றப்பட்ட மென்பொருளோ வைரஸோ விட்டுச்சென்ற தொடக்கக் கட்டளை, இப்போது இல்லாத கோப்பொன்றைத் தேடுகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கோப்பின் பெயரும் பாதையும் அந்தப் பெட்டியிலேயே இருப்பதால், மூடுமுன் குறித்துக்கொள்வது அவசியம். தொடக்கத்தில் இயங்குபவற்றைக் காட்டும் 'எம்எஸ்கொன்பிக்' பட்டியலில் தேடிக் கிடைக்காமல் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். கட்டளை, வேலைகளைத் தானாக இயக்கும் 'டாஸ்க் ஷெடியூலர்' பகுதியில் இருந்தால் அந்தப் பட்டியலில் தெரியாது. மைக்ரோசொப்டின் இலவசக் கருவியான 'ஓட்டோரன்ஸ்' இரண்டையும் சேர்த்தே காட்டும். அதன் பழைய பதிப்பொன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து திறந்தேன். கோப்பு இல்லாத வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரிந்தன. குறித்துவைத்த பெயருள்ள வரியின் சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தேன். பெட்டி மீண்டும் வரவில்லை. மஞ்சளாக இருப்பதையெல்லாம் அழித்துவிடக் கூடாது. அடையாளத்தை எடுத்தால் திரும்ப இடலாம், அழித்ததை மீட்பது கடினம்.

மின்சாரம் திடீரென நின்றபின் வரும் வன்தட்டுச் சோதனையை, 10 வினாடிக்குள் விசையை அழுத்தித் தவிர்க்காமல் முடியவிடுவதே நல்லது. மின்தடை எதுவும் இல்லாமலே அச்சோதனை அடிக்கடி வருமானால், வேறெதையும் தொடாமல் முதலில் கோப்புகளை வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுத்துவிடுங்கள். தட்டு பழுதடைந்துவருகிறதா என்ற ஆராய்ச்சியை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.