கட்டிலுக்கு போல்ட், கதவுக்கு ஸ்குரூ

"ஆளுக்கு நட்டுக் கழண்டுவிட்டது" என்கிறோம். "ஸ்குரூ லூஸ்" என்றும் சொல்கிறோம். ஆனால் ஒருவனுக்கு போல்ட் கழண்டுவிட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் கேலிப்பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. போல்ட் தன் பாட்டுக்குக் கிடக்கும், முதலில் கழன்று விழுவது அதன் நட். ஸ்குரூவுக்கு நட் கிடையாது, ஆகவே லூஸ் ஆவதென்றால் அதுவேதான் ஆக வேண்டும்.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது பழைய சோனகத் தெருவில், ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில். கொழும்பில் ஆணி, நட், வாஷர் வாங்குகிறவர்கள் கடைசியில் கொழும்பு 12இன் அந்தத் தெருக்களுக்குத்தான் போய்ச் சேருவார்கள்.

"நானா, ரெண்டு இஞ்சி ஸ்குரூ ஒரு டசின் தாங்க."

அவர் கையை நீட்டவே இல்லை. "எங்க போகுது தம்பி? மரமா, இரும்பா, சுவரா?"

"கட்டிலுக்கு."

"கழட்டிப் பூட்டுற கட்டிலா?"

"வாடகை வீடு நானா."

"அப்ப ஸ்குரூ வேணாம்."

எங்கள் வீட்டுக் கட்டில் மஹோகனி. தலைமாட்டுப் பலகையையும் பக்கச் சட்டத்தையும் எல் வடிவ இரும்புத் தகடு வைத்து மர ஸ்குரூவால் பூட்டியிருந்தார்கள். முதல் வீட்டில் அசையவில்லை. வெள்ளவத்தைக்குள்ளேயே அடுத்த வீடு மாறியபோது கழற்றிப் பூட்டினோம், இலேசாகக் கிறீச்சிட்டது. மூன்றாவது வீட்டில் ஸ்குரூவை முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. ஓட்டைக்குள் தீக்குச்சியும் பசையும் வைத்துப் பார்த்தேன். அடுத்த தடவை லொறியில் ஏற்றுவதற்காகக் கழற்றியபோது தீக்குச்சி, பசை, கொஞ்சம் மஹோகனி எல்லாம் சேர்ந்து மாவாய் வந்தது.

ஸ்குரூவில் ஒரு குறையும் இல்லை. புத்தம் புதிதாகவே இருந்தது. போனது கட்டில்தான்.

முழு விசயமும் இதற்குள் இருக்கிறது. புரி, அதாவது சுற்றிச் சுற்றி வெட்டிய வரி, ஓடும் எந்த ஆணிக்கும் எதிர்ப்புரி ஒன்று வேண்டும். போல்ட் அதைத் தன்னோடு தனியாகக் கொண்டுவருகிறது, அதுதான் நட். அது போகும் துளைக்குள் புரி கிடையாது, சும்மா நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். ஸ்குரூ அப்படியல்ல. எதற்குள் போகிறதோ அதையே நட் ஆக்கிவிடுகிறது. மரத்துக்குள் போனால் மரம் நட், தகரத்துக்குள் போனால் தகரம் நட். நட் தேய்ந்தால் புதிது வாங்கலாம், ஒரு பிளேன் டீயின் காசு கூட ஆகாது. கட்டில் தேய்ந்தால்?

நீளம், தடிப்பு, தலையின் வடிவம் எதுவும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. பெயரும் காட்டாது. பெயரை நம்பினால் குழப்பம்தான் மிச்சம். கராஜில் எண்ணெய் மாற்றும்போது கழற்றுவதை நம்மவர்கள் "சம்ப் நட்" என்பார்கள். அது நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. எஞ்சின் எண்ணெய் தேங்கும் அலுமினியச் சம்புக்குள் நேராகப் புரியோடும் ஒரு ஸ்குரூ. அவசரக்காரப் பையன் ஒருவன் அதை வெறி பிடித்தமாதிரி இறுக்கினால் புரி போவது சம்பில். அதனால்தான் அந்தச் சின்ன ஆணிக்கு அவ்வளவு பெரிய பில் வருகிறது. கார்ச் சில்லிலும் இதே கூத்து. டொயோட்டாவில் பெரும்பாலும் சில்லைப் பிடிப்பது, சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் நிற்கும் ஸ்டட் என்ற புரிக்கம்பியும் அதன்மேல் ஏறும் நட்டும். பிஎம்டபிள்யூவில் நெடுங்காலமாக "வீல் போல்ட்" என்ற ஒன்று ஹப்பின் புரிக்குள் தலையால் முறுக்கப்படுகிறது. பெயர் போல்ட், செய்யும் வேலை ஸ்குரூவுடையது.

சட்டக்காரர்களுக்கும் இந்தத் தலையிடி உண்டு. இரண்டுக்கும் தீர்வை வேறு என்பதால் அமெரிக்கச் சுங்கத்துறை போல்ட்டையும் ஸ்குரூவையும் பிரித்தறிவதற்கென்றே தனிக் கைநூல் வெளியிட்டிருக்கிறது. நட்டை முறுக்கி இறுக்குவதற்காகச் செய்யப்பட்டது போல்ட், தலையை முறுக்கி இறுக்குவதற்காகச் செய்யப்பட்டது ஸ்குரூ என்பது அதன் சாரம். சர்வதேசத் தரமோ வேறு கண்ணால் பார்க்கிறது. ஐஎஸ்ஓ 4014 என்பது தலைக்குக் கீழே கொஞ்சத் தூரம் மொட்டையாக இருக்கும் அறுகோணத் தலை போல்ட். ஐஎஸ்ஓ 4017 கிட்டத்தட்டத் தலைவரை புரி ஓடியது, அதற்கு வைத்த பெயர் ஸ்குரூ. நட் போட்டாலும் ஸ்குரூதான். கடையில் இந்த வில்லங்கம் எதுவும் இல்லை: "ஹாஃப் திரெட்டா, ஃபுல் திரெட்டா?" என்று கேட்பார்கள், முடிந்தது. சிங்களத்தில் ஸ்குரூவுக்கு இஸ்குருப்பு என்பது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், நட்டுக்கு முரிச்சி. மும்மொழியும் கலந்து ஓடும் ஒரு கவுண்டரில் கையில் மாதிரி ஒன்றைக் கொண்டுபோவதுதான் புத்தி.

ஹாஃப் திரெட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள். எம்10, அதாவது 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள, போல்ட்டின் மொட்டைப் பகுதியின் குறுக்குப் பரப்பு 78.5 சதுர மில்லிமீற்றர், புரி வெட்டிய இடத்தில் கணக்கில் வருவது 58 மட்டும். இரண்டு தகடுகள் ஒன்றையொன்று கத்தரிபோல் வெட்டப் பார்க்கும் இடத்தில் மொட்டைப் பகுதி நிற்கட்டும், புரி நட்டோடு இருந்துகொள்ளட்டும்.

பலம் என்று வந்தால் போல்ட் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. அது ஏன் என்பதைப் பலர் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள். ஓட்டைக்குள் குறுக்கே நிற்கும் ஒரு கம்பி பாரத்தைத் தாங்குகிறது என்று எண்ணுகிறார்கள். நன்றாக இறுக்கிய போல்ட் உண்மையில் ஒரு விறைத்த ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது, பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அந்த இழுவையில் இரண்டு தகடும் நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன. பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் தகடுகளுக்கு இடையிலுள்ள உராய்வு. தலையில் 8.8 என்று பொறித்த எம்10 போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாமல் 3 தொன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். அந்த எண்ணை வாசிப்பதும் லேசு: முதல் 8 என்றால் அறுந்துபோகும் வலு 800 மெகாபாஸ்கல், இரண்டாவது 8 என்றால் அதில் 80 வீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும், அதாவது 640. எண்ணே இல்லாத தலையை நான் கேற்றுக்குப் போடுவேன், வாகனத்துக்குப் போடமாட்டேன்.

நாம் ஸ்பனரில் கொடுக்கும் பலத்தில் ஏறத்தாழ 10 வீதம்தான் இந்த இழுவையாக மாறுகிறது. மிச்சத்தைத் தலைக்கடியிலும் புரியிலும் உள்ள உராய்வு சாப்பிட்டுவிடும். எண்ணெய் தடவிய போல்ட்டை அதே கைப்பலத்தில் முறுக்கிய பையன் அதை அறுத்துவிட்டு முழிப்பது இதனால்தான்.

போல்ட் கழலாது என்று இதற்கு அர்த்தமில்லை. குறுக்கே ஆட்டம் கொடுத்தால் நட் தானாகவே திரும்பும், ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதித்துக் காட்டினார். த்ரீவீல் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சோதனை தினமும் நடக்கிறது. ஸ்பிரிங் வாஷரில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இறுக்கியதும் தட்டையாகி, சாதாரண வாஷர்போலக் கிடக்கிறது. உள்ளே நைலோன் வளையம் உள்ள நட் போடுங்கள், அல்லது இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்குங்கள்.

சரி, அப்படியானால் ஸ்குரூ எதற்கு? போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் கை போக வேண்டும். வீட்டில் பாதி இடத்தில் அது நடக்காது. கதவுப் பிணைச்சலுக்கு நிலையைத் துளைத்துச் சுவருக்குள் நட் போட யாரால் முடியும்? பிணைச்சலை வாழ்நாளில் இரண்டு தடவை கழற்றினால் அதிகம். அங்கே ஸ்குரூதான் ராஜா. கூரைத் தகடு, அலுமாரி முதுகுப் பலகை, சுவிட்ச் பெட்டி எல்லாம் அதே கணக்கு.

ஆனால் ஸ்குரூவைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் குறைவு. தேக்கிலோ பலாவிலோ துளை போடாமல் டிரில்லால் நேரே ஏற்றினால் ஒன்று மரம் பிளக்கும், இல்லை ஸ்குரூ முறியும். 8ஆம் நம்பர் ஸ்குரூ 4.2 மில்லிமீற்றர் தடிப்பு. அதற்கு வைரமான மரத்தில் 3 மில்லிமீற்றர் துளை முதலில் போக வேண்டும். புரியில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் வெண்ணெய்க்குள் போவதுபோல் போகும். இன்னொரு இரகசியம் மேல் பலகையில் இருக்கிறது. இரண்டு பலகைகளைச் சேர்க்கும்போது மேல் பலகையின் துளை ஸ்குரூ தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புரி மேல் பலகையையும் கடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நடுவிலுள்ள இடைவெளி மூடாது. என் புத்தக அலுமாரியில் அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது, கரப்பான் குடும்பம் ஒன்றுக்கு அது வாசல்.

ஜிப்சம் போர்டுக்குப் போடும் கறுப்பு ஸ்குரூவை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மலிவு, கூர், டிரில்லில் சர்ரென்று இறங்கும், பாஸ்மாருக்குப் பிடித்த சாமான். ஆனால் அது கடினப்படுத்திய இரும்பு, வளையாது, ஒடியும். அதில் தட்டு பூட்டி மேலே மா டின் அடுக்காதீர்கள்.

சுவரில் ஸ்குரூ மட்டும் நிற்காது, சீமெந்து மரத்தைப்போல் கடித்துப் பிடிக்காது. அதற்குத்தான் ரோல் பிளக், சுவர்த் துளைக்குள் செருகி ஸ்குரூவை ஏற்றும்போது விரிந்து பிடிக்கும் உறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரித்தானிய அருங்காட்சியகச் சுவரைச் சிதைக்காமல் மின்சாரச் சாமான் பூட்ட வந்தபோது கண்டுபிடித்த வழி அது. பிளக்தான் அங்கே நட். படம் மாட்டலாம், கடிகாரம் மாட்டலாம். 30 கிலோ அளவில், அதுவும் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஏசி வெளி யூனிட்டை நான் அதை நம்பித் தொங்கவிட மாட்டேன். கொங்கிரீட் என்றால் அங்கர் போல்ட், இறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட். உள்ளே பொள்ளலாக இருக்கும் புளொக் கல் சுவர் என்றால் அங்கர் விரியும்போது கல்லே வெடிக்கும், சுவரை முழுதாகத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து நட் போடுவதே வழி.

கள்வனையும் கணக்கில் எடுங்கள். முன்கதவுக் கொண்டியை மர ஸ்குரூவால் பூட்டியிருந்தால் ஒரு இரும்புக் கம்பி வைத்து நெம்பினால் போதும், பூட்டு அப்படியே கொண்டியோடு வந்துவிடும். இங்கே கோச் போல்ட் போட வேண்டும். வெளியே வழுவழுப்பான குமிழ்த்தலை, பிடித்துத் திருப்ப ஒன்றும் இல்லை. தலைக்குக் கீழேயுள்ள சதுரக் கழுத்து துளைக்குள் இறுகிக்கொள்வதால் அது சுற்றாது, நட் வீட்டுக்குள்ளே. கடையில் "கோச் ஸ்குரூ" கேட்டுவிடாதீர்கள், அது வேறு சாமான்: மரத்துக்குள்ளேயே முடிந்துபோகும் தடித்த ஸ்குரூ.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்றுக்கு முன்னால் இருவரும் ஒன்றுதான். மஞ்சளாய் மினுங்கும் நாகமுலாம் இரண்டு மழைக்காலம் தாண்டினால் பெரிய விசயம். துருப்பிடித்த போல்ட்டை அறுத்து எறியலாம், துருப்பிடித்துத் தலை போன ஸ்குரூவை மரத்திலிருந்து எடுப்பதோ பல் பிடுங்குகிற வேலை. பல்கனிக்கு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், அதில் 304 என்ற ரகம் பழுப்புக் கறை பிடிக்கும், 316 என்ற ரகம் கூடக்காலம் தாங்கும். ஒரு எச்சரிக்கை: ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை டிரில்லால் வேகமாக ஏற்றினால் இரண்டும் சூடாகி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், முன்னுக்கும் வராது பின்னுக்கும் போகாது. கொஞ்சம் கிரீஸ் தடவிக் கையால் ஏற்றுங்கள். துணிக்கொடித் தாங்கி ஒன்றை நான் வாளால் அறுத்து எடுத்த கதை வேண்டாம்.

நானா எனக்குத் தந்தது நாலு எம்8 போல்ட், நாலு பீப்பாய் நட். பீப்பாய் நட் என்பது விரல் தடிப்பில் ஒரு சின்ன இரும்பு உருளை, அதன் இடுப்பில் குறுக்கே புரித்துளை. சட்டத்தின் உட்பக்கத்தில் அது உட்காரும், போல்ட் கட்டில் காலின் வழியாக வந்து அதற்குள் புகும். மரம் எந்தப் புரியையும் சுமப்பதில்லை. துளையை நேராகப் போட பாஸ் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்தேன், ஸ்குரூ என்றால் பத்து நிமிட வேலை. அதன் பிறகு இரண்டு தடவை வீடு மாறிவிட்டோம். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. முறுக்க வேண்டிய 5 மில்லிமீற்றர் அலன் கீயை மனைவி நூலால் கட்டில் காலிலேயே கட்டிவைத்திருக்கிறாள்.