நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளில் ஒரு காலைப்பொழுது

டொரண்டோவில் டிஸ்டில்லரி மாவட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1832-இல் மாவு ஆலையாகத் தொடங்கி மது ஆலையாக வளர்ந்தது 1990-இல் மூடப்பட்டு, 2003-இல் கலைக்கூடங்களும் கடைகளுமாகத் திறந்த இடம். செங்கல் பாவிய தெருக்களில் வண்டி கிடையாது, நடந்தே சுற்றலாம். உட்கார பெஞ்ச், கழிப்பறை, எந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் பலகை, எல்லாம் உண்டு. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்தான் இல்லை. ஊருக்கு வந்ததும் நாச்சியார்கோயில் போகலாம் என்று சித்தப்பாவை நான் நச்சரித்தது அதனால்தான். அங்கே பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் உலை இன்னும் எரிகிறது.

உழவன் எக்ஸ்பிரஸ் சுத்தமாக இருந்தது, நேரத்துக்கும் வந்தது. கும்பகோணத்திலிருந்து கார் பிடிக்கலாம் என்றார் சித்தப்பா. சுமார் 10 கிலோமீட்டர்தானே, டவுன் பஸ் போதும் என்றேன். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து இலவசம். கண்டக்டர் எனக்கும் கட்டணமில்லாச் சீட்டு கொடுத்தார். பஸ்ஸில் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள். இந்த ஒரு சேவைக்காகவே ஊரை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

பட்டறையைக் கண்டுபிடிப்பதுதான் பாடாகிவிட்டது. பஸ் இறங்கும் இடத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரர் ஒரு சந்துப் பக்கம் கைகாட்டி, "சத்தம் கேக்குற பக்கமா போங்கம்மா" என்றார்.

நாங்கள் போன வீட்டுப் பின்கட்டில் வார்ப்பு நடந்துகொண்டிருந்தது. சட்டத்துக்குள் ஆற்று வண்டல் மண்ணை இடித்து இறுக்கி, அச்சைப் பதித்து எடுத்திருந்தார்கள். கரி உலையிலிருந்து, உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையைக் குறட்டால் தூக்கி, பித்தளையை ஊற்றியபோது வாயருகே வெள்ளையும் பச்சையுமாக ஒரு சுடர் எழுந்தது. "தள்ளி நில்லும்மா, புகை தொண்டையப் பிடிக்கும்" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து மண்ணை உடைத்தார்கள். கரிபிடித்த ஒரு தண்டு வெளியே வந்தது. அதைச் சுழலும் கடைசல் எந்திரத்தில் ஏற்றி உளியை வைத்ததும் கறுப்புத் தோல் சுருள் சுருளாக உரிந்து, அடியில் மஞ்சள் தெரிந்தது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டுப் பூட்டுகிறார்கள். நாங்கள் நின்றதற்கு யாரும் காசு கேட்கவில்லை. மோர் கொடுத்தார்கள்.

அங்கே எனக்கு ஆதங்கமும் வந்தது. புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. ஆனால் வருகிறவர்களுக்கு நிழலில் உட்கார ஒரு திண்ணை இல்லை, பெண்கள் நம்பிப் போகக்கூடிய பொதுக் கழிப்பறை எங்கள் கண்ணில் படவில்லை. இதே பயணத்தில் வேறொரு ஊர்க் கடையில், வடக்கிலிருந்து வந்த இயந்திர விளக்கை நாச்சியார்கோயில் விளக்கு என்று எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். பட்டறைகளைப் பார்க்க ஒரு வழி, ஒரு வரைபடம், எந்த விளக்கு எந்தப் பட்டறையில் செய்தது என்று ஒரு சீட்டு, இவை இருந்தால் அந்த ஏமாற்று எடுபடாது. டொரண்டோவில் தொழில் போன பிறகு செய்ததை, இங்கே தொழில் இருக்கும்போதே செய்யலாம். பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம், பட்டறைக்காரர்களை வெளியே தள்ளும் வாடகையும் வேண்டாம்.

வாங்குவது எளிதாக இருந்தது. விலை கிலோ கணக்கு, செய்கூலி தனி, எடை போட்டுக் கண்முன்னே கணக்குச் சொன்னார்கள். சித்தப்பா போனிலேயே பணம் அனுப்பினார். விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அழகாக உட்கார்ந்துவிட்டது. பித்தளை கனம் என்பதால் விமானத்தில் அனுமதிக்கும் எடையை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. வார்ப்பைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த நாளில் உலை மூட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வீட்டு விசேஷத்துக்குக் குறிப்பிட்ட உயரத்தில் விளக்கு தேவையென்றால், ஊரில் இறங்கிய கையோடு சொல்லிவிடுங்கள். வார்த்து, கடைந்து, மெருகேற்ற அவர்களுக்கும் நாள் வேண்டும்.