சம்பளம் எழுதாத காதல்: வேலூர் பழைய புத்தகக் கடை நாவல்கள்

வேலூரில் பழைய புத்தகம் விற்கிற கடைகளில் முன்வரிசை எப்போதும் இன்ஜினியரிங், நர்சிங், போட்டித் தேர்வு கைடுகளுக்குத்தான். காட்பாடிப் பக்கம் கல்லூரி, நடு ஊரில் ஆஸ்பத்திரி என்று அமைந்த ஊரில் அது நியாயமும்கூட. அம்மாவும் பெரியம்மாவும் படித்த காதல் நாவல்கள் கடைசி அடுக்கில் சணல் கயிற்றுக் கட்டாகக் கிடக்கும். கட்டைப் பிரித்துக் காட்டக் கடைக்காரருக்குப் பொறுமை இருக்காது. அதனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து போவது நல்லது. பொருளாகப் பார்த்தால் வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதை பைண்டு முதல் தரம். கதையாகப் பார்த்தால், கதாநாயகியின் சம்பளத்தை ரூபாயில் எழுதியிருக்கும் நாவல் முதல் தரம். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடலாம்.

தொடர்கதை பைண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். வாராவாரம் வந்த பக்கங்களைச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணி முதுகு போட்டு வாங்கியவை இவை. ஜெயராஜ், மாருதி போன்றவர்களின் ஓவியங்கள் அச்சான அளவிலேயே இருக்கும். புத்தகமாக வந்த பதிப்புகளில் பெரும்பாலும் ஓவியங்கள் இருக்காது. பின்பக்கத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பிரஷர் குக்கர் விளம்பரம், சமையல் குறிப்பின் கடைசி நான்கு வரி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பது உபரி லாபம்.

குறைகளும் உண்டு. ஒரு வாரம் விடுபட்டிருந்தால் பக்க எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது இதழின் பக்க எண். அத்தியாய எண்களைத்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும். அத்தியாய எண் ஓவியத்தின் மேல் மூலையில் அச்சாகியிருந்து, பைண்டர் கட்டிங் மெஷினில் விளிம்பைச் சீவியிருந்தால் அந்த எண்ணும் போயிருக்கும். அப்போது ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் படித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இன்னொன்று உள் ஓரம். தனித்தனித் தாள்கள் என்பதால் பக்கவாட்டில் குத்தித்தான் தைத்திருப்பார்கள். அது உள் ஓரத்தில் அரை அங்குலத்தைத் தின்றுவிடும். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, வரியின் முதல் எழுத்து தையலுக்குள் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் நூறு பக்கமும் அப்படித்தான்.

மாத நாவல்கள் வேறு வகை. நடுவில் இரண்டு பின் அடித்த, நியூஸ்பிரிண்ட் தாளில் வந்த சின்னப் புத்தகங்கள். காட்பாடி ஜங்ஷனில் வாங்கினால் சென்ட்ரல் போய்ச் சேருவதற்குள், அந்த 130 கிலோமீட்டருக்குள், முடிந்துவிடுகிற நீளம். இவற்றில் வெளித்தாள் ஒன்று கழன்றால் இழப்பு இரண்டு முனையிலும்: முதல் இரண்டு பக்கத்தோடு கடைசி இரண்டு பக்கமும் போய்விடும். கல்யாணம் நடந்ததா இல்லையா என்பது அந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கும். அதனால் கதையின் தொடக்கம் கைக்கு வந்தாலே போதும் என்று நினைக்காமல் முடிவையும் பார்த்து வாங்க வேண்டும்.

கெட்டி அட்டை நூலகப் பதிப்பு என்றால் சோதனை சுலபம். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடித்த கட்டு. ஆகவே 17, 33, 49, 65 ஆகிய பக்கங்களுக்கு முன்பக்கம் இருக்கிறதா, எண் தொடர்கிறதா என்று புரட்டினால் போதும். பக்கம் போவது என்றால் பெரும்பாலும் ஒரு ஃபாரம் முழுதாகப் போகும், அல்லது தைக்கும்போதே இரண்டு ஃபாரம் இடம் மாறியிருக்கும். பதிப்பாண்டு உள்ள தாள் கிழிந்திருந்தால் எழுத்தைப் பாருங்கள். லை, னை, றா, னா ஆகியவை தனிக் கொம்பும் காலும் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த பழைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தையது, அல்லது அச்சகம் பழைய எழுத்தை மாற்ற எடுத்துக்கொண்ட சில ஆண்டுகளுக்குள் வந்தது. தாளின் மறுபக்கத்தை விரலால் தடவினால் எழுத்தின் அழுத்தம் தட்டுப்படுகிறதா? அது அச்சுக் கோத்து அடித்த லெட்டர்பிரஸ், பழைய அச்சு முறை. வாடகை நூலக முத்திரையும் கொஞ்சம் உதவும். 6 இலக்கப் பின்கோடு இருந்தால் முத்திரை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘வடஆர்க்காடு அம்பேத்கர்’ என்று மாவட்டப் பெயர் இருந்தால் 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் பிரிந்ததற்குப் பிந்தையது. ஆனால் இது புத்தகத்தின் வயது அல்ல, முத்திரையின் வயது.

புது மறுபதிப்பு வாங்கலாமே என்றால், வாங்கலாம். எழுத்து பெரிது, தாள் வெள்ளை. ஆனால் தையல் இல்லாமல் பசை மட்டும் போட்டு ஒட்டியிருப்பதால், படுத்துக்கொண்டு விரித்துப் படிக்கிறவர்கள் கையில் இரண்டு மூன்று கோடைக்குள் முதுகு வெடிக்கும். மறுபடி எழுத்துக் கோத்ததில் பிழைகளும் புகுந்திருக்கும். பேச்சு யாருடையது என்று காட்டும் மேற்கோள் குறி விழுந்துபோய், அவன் சொன்னதை அவள் சொன்னதாகப் படிக்க நேர்வது காதல் கதையில் சின்ன விஷயமில்லை.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. இன்றைய வாசகர் முதலில் தடுமாறுவது கதாநாயகனிடம். மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான், அறைகிறான், பழிவாங்குவதற்காகத் தாலி கட்டுகிறான், கடைசி அத்தியாயத்தில் அதற்குப் பெயர் அன்பு. இதைக் காலம் அப்படி என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் கை நீட்டாத ஆண்களையும் எழுதியிருக்கிறார்கள். நிறமும் அப்படித்தான். சிவப்பு என்றால் நல்லவள், கறுப்பு என்றால் வேலைக்காரி. வில்லி மட்டும் பாப் தலை, கையில்லாத ரவிக்கை, சொந்தக் கார். இன்றைக்குப் படித்தால் பல நாவல்களில் உருப்படியாக யோசிக்கிற ஒரே ஆள் அந்த வில்லிதான் என்று தோன்றும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று உறுத்தும். ‘இன்னா’, ‘வந்துகினு’ என்று யாராவது பேசினால் அவர் ரிக்‌ஷாக்காரர், அல்லது பாத்திரம் தேய்க்க வருகிறவர். காதலிக்கிறவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கதைக்குள் ஒருவர் வேலூருக்கு வந்தால் ஒன்று ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் ஜெயிலுக்கு. இதற்கு விலக்கு வேண்டுமென்றால் மு. வரதராசனிடம் போகலாம். வடஆர்க்காட்டுக்காரர். 1961-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலில் பாலாறும் வாலாஜாப்பேட்டையும் வருகின்றன. ஆனால் காதல் கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான். அவருடைய பாத்திரங்கள் நல்ல தமிழில் நீண்ட நேரம் விவாதிப்பார்கள்.

சம்பளம் என்ற அளவுகோலுக்கு வருவோம். வாங்கும் முன் முதல் மூன்று அத்தியாயங்களைப் புரட்டி ரூபாய் என்ற சொல்லைத் தேடுங்கள். வீட்டு வாடகை எவ்வளவு, தம்பியின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, டைப்பிஸ்ட் வேலையில் கைக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் அந்த ஆசிரியருக்கு அவளுடைய நெருக்கடி என்னவென்று தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாவலில் அவள் எடுக்கிற முடிவுக்குக் காரணம் இருக்கும், காதல் சொதப்பலாக இருந்தாலும் கதை நிற்கும். பணம் வெறும் ‘ஏழ்மை’, ‘செல்வம்’ என்று மட்டும் வந்தால் கண்ணீர் அதிகம், விவரம் குறைவு. மருத்துவராக இருந்து எழுதிய லக்ஷ்மியின் நாவல்களில் பெண்ணின் படிப்புக்கும் வேலைக்கும் எடை இருக்கும். 1984-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். முதல் தடவை இந்தப் பக்கம் வருகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம். ரமணிசந்திரனை நல்ல வேகத்தில் படிக்கலாம், விடிவதற்குள் முடியும். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று படித்தால் பணக்காரக் கதாநாயகன்கள் ஒருவர் மேல் ஒருவர் கலந்துவிடுவார்கள்.

‘இவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை?’ என்று எரிச்சல் வரும் இடங்களில் கொஞ்சம் சட்டம் தெரிந்திருந்தால் எரிச்சல் குறையும். இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தாலும், இருவரும் சம்மதித்துப் பிரிகிற விவாகரத்து 1976 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய கதையில் பேசாமல் ஒரே கூரையின் கீழ் வாழும் தம்பதி ஆசிரியரின் கற்பனைப் பஞ்சம் அல்ல. பெண்ணின் திருமண வயது 18 ஆனது 1978-இல். அப்பா இறந்ததும் பெரியப்பா வீட்டில் சோற்றுக்கு நிற்கிற பெண்ணைப் பற்றியும் இதே கதைதான். 1956 வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமை, அதுவும் அப்போது மணமாகாத மகள்களுக்கு, 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஆக, நாவலின் ஆண்டைக் கண்டுபிடிப்பது வெறும் சேகரிப்பாளர் ஆசை அல்ல. 1968 என்றால் அவள் மாட்டிக்கொண்டவள். 1995 என்றால் ஆசிரியர் அவளை மாட்டிவைத்திருக்கிறார்.

பத்து அத்தியாயம் நீளும் ‘தவறான புரிதல்’ வேறு விஷயம். டிரங்க் கால், அதாவது வெளியூர் போன், பதிவு செய்து காத்திருந்த காலம், கடிதம் தவறான கைக்குப் போனால் கதை ஒரு மாதம் ஓடும். அதோடு வாராவாரம் வந்த கதை என்பதால், ஏழு நாளில் மறந்திருப்பார்கள் என்று அவளுடைய கண்களை ஒவ்வொரு அத்தியாயத்திலும் திரும்ப வர்ணித்தாக வேண்டும். ஒரே மூச்சில் படிக்கும்போது சலிப்பது இதனால்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அதே எழுத்து எவ்வளவோ தேவலை.

வாங்கியதைக் காப்பாற்றுவது தனி வேலை. நியூஸ்பிரிண்டின் அமிலம் போதாதென்று வேலூர் வெயில் வேறு. பூச்சி போகட்டும் என்று மொட்டை மாடியில் காய வைக்காதீர்கள், ஒரு சித்திரையில் தாள் அப்பளம்போல் நொறுங்கும். பாலிதீன் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, இறுக ஒட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் ராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். உடனே பிரித்தால் தாளில் நீர் கோத்துவிடும். தாள் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்தினால் போதும்.

துருப்பிடித்த பின்னை முன்பக்கமாகப் பிடித்து இழுத்தால் தாளோடு வரும். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் இரண்டு காலையும் தட்டைக் கத்தியால் நிமிர்த்திவிட்டு, முதுகுப்பக்கமிருந்து எடுக்க வேண்டும். அதே மடிப்பில் மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தைத்தால் போதும். செல்லோடேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்து, அதன் பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளும் நீர்க்கக் காய்ச்சிய மைதாப் பசையும் போதும். பைண்டரிடம் கொடுப்பதானால் மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள்: விளிம்பைச் சீவ வேண்டாம், ஃபாரமாக இருப்பதை ஃபாரமாகவே தைக்கவும், பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் உள்ளே ஒட்டவும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பது பழைய வழக்கம். அது விஷம் என்பதால், குழந்தைகள் எடுக்கிற அலமாரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

கடையைவிட மலிவாக வேண்டுமென்றால் பழைய பேப்பர் கடைதான். அங்கே காதலுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் ஒரே கிலோ விலை. போகிக்கு முந்தைய வாரம், வீடுகளை ஒழிக்கிற நேரம், போனால் அதிகம் கிடைக்கும். காலையிலேயே போங்கள். கெட்டி அட்டையைத் தனியாகக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் தாளை மூட்டை கட்டுவார்கள், அட்டை போன பைண்டில் முதல் அத்தியாயமும் சேர்ந்து போயிருக்கும்.