காசு கொடுத்து வாங்கிய 412 லிங்குகள்: திருமலை விடுதிக்காரர்கள் கவனத்துக்கு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மேல்மாடியை ஆறு அறை விடுதியாக நடத்துகிறோம். அம்மா சமையல், மற்ற வேலையெல்லாம் நான். புக்கிங் தளங்களுக்குப் போகிற கமிஷனைக் குறைக்கலாம் என்று சொந்தமாக ஒரு இணையத்தளம் செய்து, அதைக் கூகுளில் மேலே கொண்டுவரச் சொல்லிக் கொழும்பில் ஒரு கம்பனியிடம் காசு கட்டினேன். 195,000 ரூபா போனது. ஒரு சீசனும் போனது.

கம்பனியின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைப் பல பெயர்களில் செய்கிறார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் தப்பலாம்.

பெப்ரவரியில் ஒரு தம்பி போன் எடுத்தார். நல்ல மரியாதையான பேச்சு. "அண்ணா, மூன்று மாசத்தில நீங்கதான் முதல் ஆளா நிப்பீங்க, எழுத்திலயே தாறம்" என்றார். மாதம் 45,000. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நான் அதை வாசித்தபோது செப்டெம்பர் மாதம்.

அவர்கள் விற்ற சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன்: மற்றத் தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் லிங்குகள், அதாவது இணைப்புகள். ஒரு பக்கத்தில் சில சொற்களைத் தட்டினால் வேறொரு பக்கத்துக்குப் போகும் இல்லையா, அந்தச் சொற்களுக்குத்தான் ஆங்கர் டெக்ஸ்ட் என்று பெயர். அடுத்தவர் உங்களை என்ன சொல்லி இணைக்கிறார் என்பதைக் கூகுள் ஆரம்பத்திலிருந்தே கவனித்து வருகிறது. கூகுளைத் தொடங்கிய செர்ஜி பிரின்னும் லாரி பேஜும் 1998 இல் எழுதிய கட்டுரையிலேயே, ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கத்தைவிட அதற்கு வரும் லிங்கின் சொற்கள் பல நேரம் சரியாகச் சொல்கின்றன என்ற கருத்து இருக்கிறது. 2003 இல் பலர் கூடி 'மிசரபிள் ஃபெய்லியர்' (படுதோல்வி) என்ற சொற்களில் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை இணைத்தார்கள். அந்தச் சொற்களைத் தேடினால் அவர் பக்கமே மேலே வந்தது. 2007 ஜனவரியில்தான் கூகுள் அதைச் சரிசெய்தது. லிங்கின் சொற்களுக்கு இருந்த அந்தக் காலத்துப் பலத்தைத்தான் இன்றும் பொதி பொதியாகக் கட்டி விற்கிறார்கள்.

முதல் மூன்று மாதத்தில் 260 லிங்க் போட்டார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே சொற்றொடர்: 'பெஸ்ட் பீச் ஹோட்டல் நிலாவெளி'. எங்கள் வீடு உப்புவெளியில். நிலாவெளிக்கு இன்னும் வடக்கே போக வேண்டும். கேட்டதற்கு, "நிலாவெளியைத்தான் கனபேர் தேடுறாங்க அண்ணா" என்றார்கள். ஏப்ரல் விடுமுறையில் கொஞ்சம் மேலே வந்தோம், அதையும் மறைக்கவில்லை. அப்படி வந்த ஒரு குடும்பம், விடுதியிலிருந்து நடந்துபோய் நிலாவெளிக் கரையில் புறாத்தீவுக்குப் படகு ஏறலாம் என்று நம்பி, சின்னப் பிள்ளைகளோடு வந்து இறங்கியது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, என் செலவில் ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

மே கடைசியில் கூகுள் தேடலில் தளம் கீழே போனது. வெள்ளைக்காரர் வரத் தொடங்குகிற நேரம். அப்போது சொன்னார்கள்: "ஒரே ஆங்கர் வந்ததுதான் பிரச்சினை அண்ணா, இனி வேரியேஷன் போடவேணும்." லிங்கின் சொற்களை மாற்றி மாற்றிப் போட வேண்டுமாம். அதற்குத் தனியாக 60,000. ஒரு அட்டவணையும் அனுப்பினார்கள். விடுதியின் பெயர் இத்தனை வீதம், வெறும் முகவரி இத்தனை வீதம், 'க்ளிக் ஹியர்' இத்தனை வீதம், கீவேர்ட், அதாவது ஆட்கள் தேடுகிற சொல், இத்தனை வீதம் என்று நிறம் தீட்டி அழகாக இருந்தது. கூகுள் சொன்ன கணக்குப் போலத்தான் பேசினார்கள். அப்படி ஒரு வீதக் கணக்கைக் கூகுள் எங்கேயும் வெளியிட்டதில்லை. ஆனாலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது கெடுதல் என்ற பேச்சில் உண்மை கலந்திருந்ததால் நம்பிவிட்டேன். 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பெங்குயின் என்ற தேடல் மாற்றம் செயற்கையாகக் கட்டிய லிங்குகளைக் குறிவைத்தது உண்மை. 2016 இலிருந்து அது தேடலின் அடிப்படைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் சொல்லை மாற்றினால் லிங்க் இயற்கையாகிவிடாது. போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை எனக்குக் காட்டித் தந்தது மாமாவின் மகள். ஓகஸ்டில் லீவுக்கு வந்திருந்தவள், "செர்ச் கன்சோலைத் திற, பார்ப்போம்" என்றாள். ஒரு தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் கூகுள் காட்டும் கருவி அது. கம்பனியின் கணக்கில் இருந்தது, எனக்கு அனுமதியே இல்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரி, என் பெயரில் இருந்ததால் அதன் மூலம் உரிமையை நிரூபித்து உள்ளே போனோம். 'மனுவல் அக்‌ஷன்' என்ற, கூகுளின் ஆட்களே பார்த்து எடுத்த தண்டனை நடவடிக்கையைக் காட்டும் பகுதியில் ஒரு அறிவித்தல் இருந்தது: தளத்துக்கு வரும் லிங்குகள் இயற்கையானவை அல்ல. ஜூனில் வந்தது. ஏழு வாரமாக அதைப் பார்த்தும் எனக்குச் சொல்லாமல் மாத அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மனம் விட்டுப்போனது அந்த இடத்தில்தான். வேலை பிழையாகப் போனால் பொறுக்கலாம், மறைத்ததைப் பொறுக்க முடியவில்லை.

அன்றிரவு கம்பனி போட்ட 412 லிங்கையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். நாய் உணவு பற்றிய ஒரு கட்டுரை, நடுவில் சம்பந்தமே இல்லாமல் எங்கள் விடுதி. அதே கட்டுரை வேறு பெயருள்ள தளத்தில், சொற்கள் மட்டும் இடம் மாறி. முதலாவதில் 'பீச் ஹோட்டல்', இரண்டாவதில் 'சீ சைட் ஸ்டே'. 60,000 ரூபா வேரியேஷன் இதுதான். அந்த எந்தப் பக்கத்தையும் ஒரு மனிதர் வாசித்திருக்க மாட்டார்.

அந்தக் குவியலோடு கம்பனி போடாத லிங்குகளும் சில செர்ச் கன்சோலில் தெரிந்தன. முந்தின வருடம் தங்கிய ஜெர்மன் தம்பதி தங்கள் பயணக் குறிப்பில் 'காலையில் அப்பம் தந்த அம்மாவின் வீடு' என்று எழுதி, அந்தச் சொற்களிலேயே எங்களை இணைத்திருந்தார்கள். மொழிபெயர்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருவர் வெறும் முகவரியைப் போட்டிருந்தார். ஒரு டைவிங் பெடியன் விடுதியின் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருந்தான். யாரும் வீதம் போட்டுத் திட்டமிடவில்லை, தானாகவே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது.

கம்பனியிடம் கேட்டபோது, லிங்குகளை அகற்ற இன்னும் 50,000 என்றார்கள். இரண்டாம் நாள் வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள். காசு போனது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. பற்றுச்சீட்டு இல்லை. அதனால் முறைப்பாடு செய்யக் கையில் இருந்தது உரையாடல்களின் ஸ்கிரீன்ஷொட் மட்டும்தான்.

அப்புறம் திருத்தித் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தார். வருகிற லிங்க் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கூகுளிடம் 'டிஸவோ' செய்யலாம், அதாவது இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அறிவிக்கலாம் என்றார். அவர் கோப்பில் அந்த ஜெர்மன் தம்பதியின் தளமும் இருந்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். நாங்களே இருந்து பிரித்தோம். தொடர்பு முகவரி இருந்த தளங்களுக்கு அகற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினோம், சிலர் அகற்றினார்கள். மிச்சத்தை மட்டும் டிஸவோவில் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கூகுளிடம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். முதல் தடவை மறுத்தார்கள். இரண்டாம் தடவை தண்டனையை நீக்கினார்கள். பழைய இடம் திரும்பவில்லை, அந்த இடமே அந்த லிங்குகளால் வந்ததுதானே. அறிவித்தல் எதுவும் வராதவர்கள் அநேகமாக டிஸவோவைத் தொடத் தேவையில்லை. நல்லதையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

காசு கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: எந்தத் தளங்களில் போடப் போகிறீர்கள், மூன்றைத் திறந்து காட்டுங்கள். அதை வாசிக்கிற ஆள் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். ஆங்கர் வீதம் பற்றிப் பேசத் தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். டொமைனும் செர்ச் கன்சோலும் உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். செர்ச் கன்சோலில் லிங்குகள் பகுதியில், உங்களை எந்தச் சொற்களால் இணைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இலவசமாகவே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே போதும்.

உப்புவெளி, நிலாவெளி, டவுன் பக்கம் யாருக்காவது அந்த நிறம் தீட்டின அட்டவணை வந்திருந்தால், பணம் அனுப்ப முன் கொண்டுவந்து காட்டுங்கள். காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து பத்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.